வெள்ளம் என்று அவர் சொன்னது

என் தம்பி கடலுக்கு அடியில் இரும்பு வெட்டுகிறவன். அம்பத்தூர்ப் பக்கத்து மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அம்பத்தூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் நகரம் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் எவருக்கும் கடலோடு தொழில் இருந்ததில்லை. நெல்லும் வேர்க்கடலையும் போட்டார்கள். நிலம் மனைகளான பிறகு, எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையின் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். தம்பியும் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில்தான் வெல்டிங் கற்றான். நீச்சல் கற்றது எங்கள் வயல் கிணற்றில். அந்தக் கிணறு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. பட்டறைக்கு வந்துபோன ஒரு காண்ட்ராக்டர், இவனுக்கு இரண்டும் தெரியும் என்று கேள்விப்பட்டு, பயிற்சிக்கு அனுப்பிக் கடலில் இறக்கிவிட்டார்.

சின்ன வயதில் அவன் செய்த அட்டகாசத்துக்கு அம்மா அவனை எம்டன் என்று திட்டுவாள். எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் சொல்கிற சொல்தான். அது ஒரு கப்பலின் பெயர் என்பதோ, முதல் உலகப் போரின்போது அந்தக் கப்பல் மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே இருட்டில் வந்து நின்று கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது என்பதோ அம்மாவுக்குத் தெரியாது. தீ அணைந்து, பார்த்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகும், கடலே தெரியாத ஒரு வீட்டில் அந்தக் கப்பல் வசவாக மிதந்துகொண்டிருந்தது.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவள். அச்சகம் மூடிய பிறகு, ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையை வீட்டிலிருந்தபடி செய்கிறேன். தம்பியும் அவன் மனைவியும் மகளும் மாடியில் இருக்கிறார்கள். கீழே தெருப் பக்கத்து அறையில் என் மேசை. அவன் வேலை செய்யும் காண்ட்ராக்டரோடு தொடர்புடைய ஒரு கடல் ஆய்வு அலுவலகத்தில், மீனவர்களின் வாக்குமூலங்களைத் தமிழில் தட்டச்சு செய்ய ஆள் தேடினார்கள். எங்க அக்கா ஒரு புள்ளி விடமாட்டாள் என்று தம்பி சொல்லி வைத்தான். அப்படித்தான் ஒரு கப்பல் எனக்கும் வந்து சேர்ந்தது.

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே, வடக்கே தள்ளி, ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. நான் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து, மணல் திட்டில் மோதி, சில மாதங்கள் சாய்ந்தபடி நின்று, பிறகு அமிழ்ந்தது. ஆட்களை உயிரோடு மீட்டுவிட்டார்கள். அதன் எண்ணெயை அப்போதே இறைத்துவிட்டதாக ஒரு காகிதம் இருந்தது. முழுவதும் இறைத்தார்களா என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. இப்போது பெரிய கப்பல்கள் வருவதற்காகக் கடல் வழியை ஆழப்படுத்துகிறார்கள். குறுக்கே கிடக்கும் கப்பலைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுகிறவர்களில் முதல் ஆளாக இறங்கப்போவது என் தம்பி.

எஸ்டேட்டில் வெல்டிங் கற்பவன் முதலில் கேட்கும் பாடம் காலி டிரம்மைப் பற்றியது. எண்ணெய் நிறைந்த டிரம்மைவிட எண்ணெய் தீர்ந்த டிரம்தான் ஆளைக் கொல்லும். அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். மேலே ஆவி நிற்கும். பொறி பட்டால் மூடி எங்கே பறந்தது என்று தேட வேண்டும். அதனால் டிரம்மை வெட்டுவதற்கு முன் வாய்வரை தண்ணீர் ஊற்றுவார்கள். கடலுக்கு அடியிலும் இதே கதைதான் என்று தம்பி ஒருமுறை விளக்கினான். கப்பலின் தொட்டிக்குள் கடல் தண்ணீர் புகுந்து நிறைந்துவிட்டால் பயமில்லை. பாதி எண்ணெய் மிச்சமிருந்தால் அது மேலே ஏறி, தொட்டியின் கூரைத் தகட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே கொஞ்சம் ஆவி. இவர்கள் இரும்பு வெட்டும் டார்ச்சை வைப்பது சரியாக அந்தக் கூரைத் தகட்டில்தான்.

ஆகவே ஆய்வு அலுவலகம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா, இல்லையா. அந்தப் பக்கத்தில் வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். கேட்டவர் ஓர் இளம் இன்ஜினியர். பேச்சில் கொங்கு நாட்டு இழுப்பு தெரிந்தது. எல்லாரையும் மரியாதையாகத்தான் கேட்டார்.

பகல் உணவுக்குப் பிறகு, தெரு ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். சாட்சியங்கள், மேடைப் பேச்சுகள், கல்யாணப் பந்தலில் எடுத்த பேட்டிகள் என்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இவை அப்படி இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல், வேறு வேறு குப்பத்தில் உட்கார்ந்து பேசியவர்கள், ஒரே இடத்தைப் பற்றி ஒரே போலத் தயங்கினார்கள். அந்த இடத்தில் கடல் திடீரென்று வழுவழுப்பாகிவிடும் என்றார் ஒருவர். காற்று அடிக்கும், சுற்றிலும் அலை எழும், நடுவில் ஒரு பாய் அளவுக்கு மட்டும் அசையாது. இன்னொருவர், மழை பெய்யும்போது பார்த்தேன் என்றார். எல்லா இடத்திலும் துளி விழுந்து பொத்துப் பொத்தென்று குழி விழுகிறது, அங்கே மட்டும் துளி விழுந்த தடமே இல்லை, மழை அந்த இடத்தை விட்டுவிட்டுப் பெய்கிற மாதிரி இருந்தது என்றார். ஒரு பெண், வலையில் கிழிசல் எதுவும் இல்லை, முடிச்சுகள் மட்டும் கறுப்பாகிவிட்டன என்றாள். முடிச்சு முடிச்சாக யாரோ மை தொட்டு வைத்த மாதிரி.

இதையெல்லாம் ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்தேன். எண்ணெய்ப் படலம் அலையை அடக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நாட்களில் வாளித் தண்ணீர் அசையாமல் இருந்தால் ஒரு விரலை விட்டுக் கலைத்துவிட்டுத்தான் குளித்தேன்.

முக்கியமான வாக்குமூலம் கடைசியில் வந்தது. வயதானவர். அந்தக் கப்பல் மூழ்கும் முன்பே அதன் நிழலில் தூண்டில் போட்டவர். குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. கேள்வி முடிந்ததும் பதில் சொல்லமாட்டார்; கொஞ்சம் விட்டுத்தான் சொல்வார். அந்த இடைவெளியில் அவர் மூச்சு மட்டும் கேட்கும். எண்ணெய் எப்போது தெரியும் என்று இன்ஜினியர் கேட்டார். அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அடித்தேன்.

"வெள்ளம் வலுத்து வர்றப்பலாம் எண்ணெ மெதக்கும் சார். வெள்ளம் வுட்டுட்டா நின்னு பூடும்."

வெள்ளம் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெருமழை டிசம்பரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றது. ஏரியைத் திறந்தார்கள் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் வயதானவர்கள் மாடியைப் பார்ப்பார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு நின்றது. அந்தக் கோடு பழுப்பாக இல்லை, கறுப்பாக, விரலில் ஒட்டுகிற பிசுக்காக இருந்தது. எஸ்டேட்டின் அத்தனை பட்டறை எண்ணெயும் தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டு வீடு வீடாக நுழைந்திருந்தது. ஆகவே அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. வெள்ளக் காலத்தில் ஊரின் எண்ணெய் ஆற்று வழியே கடலுக்குப் போகிறது. அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

அலுவலகமும் அப்படித்தான் படித்தது. அறிக்கையின் சுருக்கத்தையும் சரிபார்க்க எனக்கே அனுப்பினார்கள். வெள்ளக் காலங்களில் மட்டுமே எண்ணெய் தென்படுகிறது, ஆதலால் அது நிலத்திலிருந்து வருவது, கப்பலின் தொட்டிகள் காலியாகிக் கடல்நீர் நிறைந்துள்ளதாகக் கொள்ளலாம். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஓர் அரைப்புள்ளியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.

தம்பி அன்று மாலை கீழே வந்து அறிக்கையைப் பற்றிக் கேட்டான். காலி என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவன் மனைவி கையில் காய்கறிக் கூடையோடு வாசலிலேயே நின்று கேட்டாள். கூடையை இறக்கி வைத்தாள். அவன் மட்டும், காலியில் இரண்டு காலி இருக்கிறது, தண்ணீர் நிறைந்த காலியா, ஒன்றுமே இல்லாத காலியா என்று சிரித்தான். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டான். இறங்கினால் ஒரு வாரம், கப்பலுக்கு மேலே நங்கூரமிட்ட வேலை மிதவையிலேயே தங்க வேண்டும்.

வேலை முடிந்த ஒலிப்பதிவை அழிக்கும் முன் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேட்பது என் வழக்கம். அச்சகத்தில் அச்சேறிய பிறகும் ஒரு பிரதியைப் படிப்போம், அந்தப் பழக்கம். பெரியவரின் பதிவில், பேட்டி முடிந்து நன்றி சொன்ன பிறகும் கருவியை அணைக்காமல் விட்டிருந்தார்கள். அந்தப் பகுதியைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. நாற்காலி இழுக்கும் சத்தம், தண்ணீர் குடிக்கும் சத்தம். இன்ஜினியர், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று யாரிடமோ புலம்பினார். பிறகு சற்றுத் தள்ளி அந்தக் கரகரப்பான குரல், பக்கத்திலிருந்தவரிடம் பேசியது.

"இன்னிக்கி வெள்ளம் ஜாஸ்தி, நைனா. வலைய அட்ச்சிகினு பூடும். நாளைக்கி போலாம்."

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டேன். கத்திரி வெயிலில் வெள்ளம் ஏது? தெருக் குழாயிலேயே தண்ணீர் வராத நாட்கள் அவை. மனிதர் தடுமாறுகிறாரா என்று யோசித்தேன். ஆனால் அந்தக் குரலில் தடுமாற்றம் எதுவும் இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று நாம் சொல்வோமே, அதே சாதாரணத்தோடு சொல்லியிருந்தார். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் அவர் மூச்சு இருந்தது. வெளியே பிற்பகல் காற்று அப்போதுதான் வந்தது. எங்கள் பக்கத்துக்குக் கடல்காற்று தாமதமாகத்தான் வரும். வரும்போது நகரம் முழுவதையும் முகர்ந்துவிட்டு வரும். அன்று அதில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. தெருமுனையில் லாரி நின்றிருக்கலாம். போய்ப் பார்த்தேன், லாரி இல்லை.

காலையில் அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே காசிமேட்டிலிருந்து கூடை கொண்டுவரும் ஒரு மீன்காரம்மா எனக்குப் பல வருடப் பழக்கம். வஞ்சிரத்தை அரிந்துகொண்டிருந்தாள். கடலில் வெள்ளம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"யக்கா, மீனு வாங்க வந்தியா, பரீட்ச வெக்க வந்தியா?" என்றாள்.

சொல்லு என்றேன். அவள் கத்தியைத் தண்ணீரில் அலசினாள்.

"கடலு ஓடுதுல்ல, அதான் வெள்ளம். ஒரு நாளு தெக்காண்ட இழுக்கும், ஒரு நாளு வடக்காண்ட இழுக்கும். வெள்ளம் பாத்துதான வலயே வுடுவாங்கோ."

அப்படியானால் ஊருக்குள் தண்ணீர் வருமே, அதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். பக்கத்துக் கூடைக்காரியிடம் என்னைக் காட்டிச் சிரித்தாள்.

"அது மழத்தண்ணிக்கா. ஏரி தொறந்து வுட்ட தண்ணி. ஒங்க ஊரு தண்ணிய எங்க தலையில கட்டாத."

வெள்ளம் எப்போது வலுத்து வரும் என்று கேட்டேன். அதற்குக் காலம் நேரம் உண்டா, அமாவாசைக்கு வரும், காற்று திரும்பினால் வரும், இன்றைக்குக்கூட வரும் என்றாள். மீன் வாங்காமல் திரும்பியதற்கு அவள் சொன்னது முதுகில் கேட்டது. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஆட்டோவில் வரும்போது அந்த வாக்கியத்தை மறுபடி மனதில் படித்தேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. வெள்ளம் வலுத்து வரும்போதெல்லாம் எண்ணெய் மிதக்கும். நீரோட்டம் வேகமாக வரும்போதெல்லாம். மழைக்காலத்தில் அல்ல, ஊர் முழுகும்போது அல்ல. மாதம் தவறாமல், வருடம் தவறாமல், கடல் அந்தக் கப்பலின் மேல் சாய்ந்து அழுத்தும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து ஏதோ கசிந்து மேலே வருகிறது. இத்தனை வருடமும் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் வருகிறது என்றால் இன்னும் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழையும் முன்பே இன்ஜினியரைக் கூப்பிட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு, "மேடம், எங்க ஊர்ல ஆத்துல தண்ணி வந்தாத்தானுங்க வெள்ளம்" என்றார். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வது போலத் தொடங்கி, பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது. அறிக்கை மேலே போய்விட்டது, கையெழுத்தாகிவிட்டது, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் மேலே இருப்பவர்களிடம் இப்போதே பேசுகிறேன் என்றார். மிதவையில் மேற்பார்வை செய்பவரின் எண்ணைக் கொடுத்தார். மறுநாள் முதல் வெட்டு என்பதையும் அவரே சொன்னார்.

மேற்பார்வையாளரிடம் குடும்ப விஷயம் என்று சொல்லித் தம்பியிடம் போனைக் கொடுக்கச் செய்தேன். பின்னால் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் முதலில் சிரித்தான்.

"நான் இன்னான்னு சொல்லட்டும்? எங்க அக்கா மீன்காரம்மாவ கேட்டுச்சு, அதனால வெட்ட மாட்டேன்னு சொல்லவா? ஓட்டியே சாவட்ச்சுருவானுங்கோ."

பெரியவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே மறுபடி சொன்னேன். அவன் மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

"கெழவரு நல்லா சொன்னாரா? நீ நல்லா கேட்டியா?"

கேட்டேன் என்றேன்.

"சரி, வை. தட்டிப் பாத்துட்டுதான் பத்த வெப்பேன். ஊட்ல சொல்லாத."

அவன் மனைவி மகளோடு செம்பரம்பாக்கத்தில் தன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் என்னால் மேனாம்பேட்டில் உட்கார முடியவில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பஸ் பிடித்து அங்கே போனேன். அவள் சோறு போட்டாள், சாப்பிட்டேன். என் முகத்தை அவள் இரண்டு மூன்று முறை பார்த்தாள். போன் எடுத்தாரா என்று கேட்டாள். மிதவையில் அவன் போனுக்கு சிக்னல் கிடைக்காதே என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் தலையை ஆட்டியபோது, பொய் சொன்ன மாதிரியே இருந்தது.

பிற்பகல் ஏரிக்கரைக்குத் தனியாகப் போனேன். வெயிலில் யாரும் இல்லை. தண்ணீர் உள்வாங்கி, ஓரத்துச் சேறு வெடித்திருந்தது. எதிர்க்கரையில் குடோன்களின் தகரக் கூரைகள் மினுங்கின. காற்று வந்தது. ஏரி முழுவதும் சின்னச் சின்னதாகச் சிலிர்த்தது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓரிடம் மட்டும் சிலிர்க்கவில்லை. ஒரு பாய் விரித்த அளவு இருக்கும். காற்று அதற்கு இந்தப் பக்கம் வந்து நின்று, அந்தப் பக்கம் போய்த் தொடர்ந்தது. அதன்மேல் வானம் தெளிவாகத் தெரிந்தது, ஒரு கொக்கு பறந்துபோனதும் தெரிந்தது. அடியில் ஏதாவது செடி இருக்கலாம். யாராவது டிராக்டர் கழுவியிருக்கலாம். காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. அந்த இடம் மெதுவாக, காற்றுக்கு எதிர்த் திசையில், கரையை நோக்கி நகர்ந்தது. எழுந்து நின்றேன். அதைவிட்டுக் கண்ணை எடுத்தால் அங்கே தம்பிக்கு ஏதோ ஆகிவிடும் என்று ஓர் எண்ணம். இப்படி எண்ணுகிறவள் இல்லை நான். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

மேற்பார்வையாளரின் எண்ணிலிருந்து போன் அடித்தபோதும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன்.

"வெட்டலக்கா," என்றான்.

பக்கத்தில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரோ சத்தமாக யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். நான் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தேன். அவன் மனைவி பாதி வழியில், காலுக்குப் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தாள். அப்பாவின் செருப்பாக இருக்கும். வெட்டவில்லையாம் என்றேன். எதை, ஏன் என்று அவள் கேட்கவில்லை. சோறு போடும்போதே உங்கள் முகத்தில் தெரிந்தது என்றாள்.

அவன் வந்து மாடியில் தூங்கி எழுந்த மறுநாள், அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு புதிய பதிவு வந்தது. முக்குளிப்பவரின் ஹெல்மெட்டுக்கும் மிதவைக்கும் இடையே நடக்கும் பேச்சு எப்போதும் பதிவாகும். விசாரணைக்காக அது எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குரல் யாருடையது என்று அவர்களுக்கும் தெரியும். வேறு ஆள் வேண்டுமானால் பார்க்கிறோம் என்றும் இன்ஜினியர் எழுதியிருந்தார். நானே செய்கிறேன் என்று பதில் போட்டேன்.

பெரும்பகுதி மூச்சுதான். உள்ளே போகும்போது ஓர் இரைச்சல், வெளியே வரும்போது குமிழிகள். நடுவே மேலிருந்து மேற்பார்வையாளர் எங்கே இருக்கிறாய் என்று கேட்பார். தொட்டி மேல உக்காந்துட்டேன் என்றான் என் தம்பி. எதுவும் தெரியவில்லை, கையை நீட்டினால் கையே தெரியவில்லை, தடவித்தான் பார்க்கிறேன் என்றான். பிறகு சுத்தியலால் தட்டினான். முதல் இடத்தில் 'ணங்' என்று நீளமாக ஒலித்தது. கொஞ்சம் தள்ளித் தட்டினான். அங்கே ஒலி உடனே செத்தது, சாக்கு மூட்டையில் அடித்த மாதிரி. இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, எங்கும் அப்படியே. 'ணங்' என்றால் தகட்டுக்கு அடியில் ஆவி; ஒலி செத்தால் அடியில் தண்ணீரோ எண்ணெயோ நிற்கிறது. மேலிருந்தவர் அவசரப்படுத்தினார், வெறுமனே சேறு ஒட்டியிருக்கும் என்றார். கைத்துளைப்பான் அனுப்புங்கள், ஓட்டை போட்டுப் பார்க்காமல் பற்றவைக்க மாட்டேன் என்று அவன் சொன்னான். வார்த்தைகள் கொஞ்சம் வேறு. அவற்றையும் அப்படியே அடித்தேன். நீண்ட நேரம் துளைக்கும் சத்தம். நின்றது. மூச்சும் நின்றது.

"ஊறுது, மாமே," என்றான். "கையில வழவழன்னு வருது. நெறய கீது."

ஓட்டையில் மர ஆப்பு வைத்து அடித்தான். அடித்து முடித்து, சுத்தியலை இடுப்பில் மாட்டிக்கொண்டேன், மேலே இழு என்றான். அதற்குப் பிறகுதான் அது கேட்டது. மெதுவாக, ஒன்று. இடைவெளி விட்டு, இன்னொன்று. இரும்பின் உள்பக்கமாக.

மாடிக்குக் குரல் கொடுத்தேன். மகளைக் கட்டிலில் விட்டுவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கி வந்தான். ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டான். அவனுடைய மூச்சை அவனே கேட்பது எப்படி இருந்திருக்குமோ தெரியவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னான். தகடு எங்கேயாவது லூசாக இருக்கும், வெள்ளம் வந்து ஆட்டியிருக்கும் என்றான். சரிதான் என்றேன். ஹெட்போனைக் கழற்றாமலே நின்றான்.

"எனுக்கு அப்ப இது கேக்கலக்கா," என்றான்.

எண்ணெயை இறைக்கும் கருவி வந்ததும் மறுபடி அவனைத்தான் இறக்குவார்கள். ஓட்டை எங்கே போட்டான் என்று தெரிந்த கை அவனுடையது மட்டும்தான். அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"இத்த இன்னான்னு எய்தினே?"

தட்டும் ஓசை, தொலைவில் என்று எழுதியிருப்பதைக் காட்டினேன்.

"தொலைவுல இல்லக்கா. நான் அது மேலதான் ஒக்காந்துகினு இருந்தேன்."

மாடியிலிருந்து குழந்தை அவனைக் கூப்பிட்டாள். அவன் போனான். அந்தச் சொல்லை அழித்தேன்.